லியோ: தேநீர்க்கடைக்காரர்கள் கட்டிய கணினி

அலுவலகக் கணக்கு வேலையை முதன்முதலாகக் கணினியிடம் ஒப்படைத்தது, கேக்கும் தேநீரும் விற்ற ஜே. லயன்ஸ் என்ற லண்டன் நிறுவனம். எண்ணற்ற சிறு விற்பனைகளுக்குக் கணக்கெழுதவே அங்கு பெரும் எழுத்தர் படை தேவைப்பட்டது.

1947-ல் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று மின்னணுக் கணினிகளைப் பற்றி அறிந்து வந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கி வந்த எட்சாக் கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு உதவியது. அதன் அமைப்பைப் பின்பற்றி, ஜான் பிங்கர்ட்டன் தலைமையில் சொந்தக் கணினியையும் கட்டியது. அதுவே லியோ. பாதரசக் குழாய்களில் ஓடும் ஒலித்துடிப்புகளே அதன் நினைவகம்.

1951 நவம்பரில் லியோ பேக்கரிப் பொருள்களின் மதிப்பீட்டுக் கணக்கை வாராவாரம் போடத் தொடங்கியது. அடுத்துச் சம்பளப் பட்டியல் சேர்ந்தது. ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எழுத்தருக்கு 8 நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும்.

பிறகு வந்தது தேநீர்க்கடைகளின் சரக்குக் கொள்முதல். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான தேவைப் பட்டியல் ஒன்று இருந்தது. கடை மேலாளர் அதில் உள்ள மாற்றங்களை மட்டும் தொலைபேசியில் சொல்வார். கேட்பவர் அவற்றை அட்டையில் துளையிடுவார். மீதியை லியோ பார்த்துக்கொள்ளும். வேலைமுறையை முதலில் திருத்தி, பிறகே நிரல் எழுத வேண்டும் என்பது லியோவுக்கு நிரல் எழுதிய டேவிட் காமினர் குழுவின் கொள்கை.

ஃபோர்டு போன்ற வெளி நிறுவனங்களின் சம்பளக் கணக்கையும் லியோ போட்டுக்கொடுத்தது. 1954-ல் கணினித் தயாரிப்புக்கென்றே தனி நிறுவனம் தொடங்கப்பட்டது; 1963-ல் அது இங்கிலீஷ் எலக்ட்ரிக்குடன் இணைந்தது.