முகத்தில் ஊசி: மூவாயிரம் வருஷக் கணக்கு

முகச்சுருக்கம் போக முகத்தில் ஊசி குத்திக்கொள்ளும் சிகிச்சையின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். இது மூவாயிரம் வருஷத்து ரகசியமாம், சீனப் பேரரசிகள் இளமையாக இருக்கச் செய்துகொண்டதாம். இந்த மூவாயிரத்தை யார் ஆடிட் செய்தார்கள் என்று தோன்றியது. பி.காம் படிக்கிற புத்தி, என்ன செய்ய :-)

தேடிப் படித்ததில் உண்மையான கதை விளம்பரத்தை விட சுவாரசியமாக இருந்தது.

சீன வைத்தியத்தின் மூலநூல் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசரின் பெயரில் இருக்கிறது. அந்தப் பேரரசர் புராணப் பாத்திரம். நூல் தொகுக்கப்பட்டது கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அது தொடங்குவதே முதுமை பற்றிய கேள்வியில்தான். அந்தக் காலத்து ஆட்கள் நூறு வயது வரை தளராமல் இருந்தார்களே, இப்போதுள்ளவர்கள் ஐம்பதிலேயே ஓய்ந்துபோவது ஏன் என்று பேரரசர் தன் வைத்தியரைக் கேட்கிறார். (ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே "எங்க காலத்துல எல்லாம்..." பேச்சு வந்துவிட்டது பாருங்கள்!)

வைத்தியர் கணக்குப் போட்டுச் சொல்கிறார். பெண்ணுக்கு ஏழு ஏழு வருஷமாக, ஆணுக்கு எட்டு எட்டு வருஷமாக உடல் மாறும். பெண்ணுக்கு 35-ல் 'யாங்மிங்' நாடி தளர்ந்து முகம் வாடத் தொடங்கும், முடி கொட்டும். 42-ல் முகம் முழுக்க வாடி, முடி நரைக்கும். ஆணுக்கு 40-ல் முடி கொட்டும், 48-ல் முகம் வாடும்.

இந்த யாங்மிங்கில்தான் விஷயமே இருக்கிறது. அதில் ஒரு பாதை வயிற்றுக்குரியது. மூக்கின் பக்கத்தில் தொடங்கி, முகத்தைச் சுற்றி, மார்பு வயிறு வழியாக இறங்கி, காலின் இரண்டாவது விரலில் முடிகிறது. ஆக அவர்கள் கணக்கில் முகம் வாடுவது தோலின் பிரச்சினை இல்லை, உள்ளே வயிறு தளர்வதன் அறிகுறி. முகத்துக்கு வைத்தியம் செய்கிறவர்கள் முழங்காலுக்குக் கீழே 'சூசான்லி' என்ற புள்ளியிலும் ஊசி வைப்பது இதனால்தான். இதை அறிவியல் ஏற்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் தர்க்கம் தெளிவாக இருக்கிறது.

இப்போது ஆடிட். சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடிய ஒரு கல்லறையை 1973-ல் தோண்டினார்கள். பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. நாடிப் பாதைகள் இருக்கின்றன, மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பது இருக்கிறது. அக்குபங்சர் மட்டும் இல்லை! கி.மு. 113-ல் இறந்த இளவரசர் லியு ஷெங்கின் கல்லறையில் நான்கு தங்க ஊசி, ஐந்து வெள்ளி ஊசி கிடைத்தன (1968). ஆக, கையில் இருக்கும் வவுச்சர்படி சுமார் 2100, 2200 வருஷம். மிச்சம் எண்ணூறு வருஷத்தை 'குட்வில்' கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தக் கால ஊசியும் இப்போது நாம் நினைக்கும் ஊசி இல்லை. நெய்ஜிங் ஒன்பது வகை ஊசிகளைச் சொல்கிறது. அதில் ஒன்று வாள் மாதிரி, சீழ்க்கட்டி கீற! அதை முகத்தில் வைத்து அழகாவதாவது...

அப்படியானால் பழைய சீனாவில் முக அழகுக்கு என்ன செய்தார்கள்? ஊசிக்குப் புள்ளிகள் இல்லாமல் இல்லை. வாய் கோணலுக்கு, முகம் கறுத்துப்போவதற்கு எல்லாம் உண்டு. ஆனால் அழகு வியாபாரம் நடந்தது பூச்சுகளில். தாங் வம்ச அரசவையில் குளிர்கால விழாவுக்கு அதிகாரிகளுக்கு முகக்களிம்பு பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டின் பெரிய வைத்தியர் சுன் சிமியாவ் இந்தக் களிம்புகளின் செய்முறைகளைத் தன் நூலில் எழுதிவைத்தார். கூடவே ஒரு குறையும் சொல்கிறார். எல்லோருக்கும் இது தேவையாயிருக்க, வைத்தியர்கள் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள், அப்பன் மகனுக்குக்கூடச் சொல்வதில்லை என்று. 'ரகசியம்' அன்றே விற்பனைச் சரக்குதான். அதை உடைத்த மனிதர் இவர்.

அதே தாங் வம்சத்தில் இளமைக்காக ரசாயன மருந்து விழுங்கியவர்கள் கதை சோகம். பாதரசம் போன்றவை கலந்த அந்த மருந்தால் பேரரசர் வூசோங் 846-ல் இறந்தார். அவருக்கு அடுத்து வந்தவரும் 859-ல் அதே வழியில் போனார். பார்த்தும் திருந்தவில்லை.

பேரரசி கதைக்கு வருவோம். விளம்பரங்கள் நினைப்பது பெரும்பாலும் ட்சி ஷி (1835-1908). ஆனால் அவர் பிறப்பதற்கு 13 வருஷம் முன்பே, 1822-ல், பேரரசருக்கு ஊசியும் சூடும் தகாது என்று அரண்மனை வைத்தியசாலையில் அந்தத் துறையையே மூட ஆணை போட்டுவிட்டார்கள். ட்சி ஷிக்கு முகம் துடிக்கும் தொல்லை இருந்தது. அரண்மனை ஆவணங்களில் அதற்குப் பற்று, களிம்பு என்று மருந்துகள் பதிவாகியிருக்கின்றன.

1929-ல் சீன அரசில் பழைய வைத்தியத்தையே ஒழிக்கத் திட்டம் வந்து, வைத்தியர்கள் ஒன்றுகூடிப் போராடித் தடுத்தார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் செங் தானான் என்பவர் உடற்கூறு படித்து, புள்ளிகளை ரத்தக்குழாய்க்கு விலக்கி, மெல்லிய ஊசியை முன்வைத்தார். முகத்தில் மயிரிழை ஊசி குத்த முடிகிறதென்றால் அது இவர் போட்ட பாதை. 1971-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் ஆபரேஷனுக்குப் பின் ஊசி வைத்தியம் எடுத்து, நியூயார்க் டைம்ஸில் எழுதினார். மறுவருஷம் நிக்சன் பயணம். அமெரிக்காவில் மோகம் பிடித்தது. சுருக்கத்துக்கு முகமெல்லாம் ஊசி, பத்து சிட்டிங் பேக்கேஜ் எல்லாம் அதற்கப்புறம் வளர்ந்த சரக்கு. வயது மூவாயிரம் அல்ல, சில பத்தாண்டுகள்.

பலன் உண்டா? கொரியாவில் 28 பெண்களுக்கு மூன்று வாரத்தில் ஐந்து முறை செய்து பார்த்து, 2013-ல் வெளியிட்டார்கள். தோலின் இறுக்கம் கொஞ்சம் கூடியதாக முடிவு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு கிடையாது. ஆசிரியர்களே இதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொல்கிறார்கள்.

செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று. கண்ணைச் சுற்றித் தோல் மெல்லியது, ரத்தம் கட்டிக்கொண்டு நீலம் பூக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். ஊசி புது பாக்கெட்டிலிருந்து உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள்.