கூடங்குளம் கணினி ஊடுருவல் (2019)

கூடங்குளம் கணினி ஊடுருவல் என்பது, தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் 2019 ஆம் ஆண்டு தீநிரல் கண்டறியப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். அணு உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதனால் பாதிக்கப்படவில்லை என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. கணினியைத் தாமே இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு எத்தகைய எல்லைகளை வகுப்பது என்ற வினாவுக்கும் இந்நிகழ்வு தொடர்புடையது.

பின்னணி

தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலியைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தின் தென் கடற்கரையில் கூடங்குளம் அமைந்துள்ளது. 2019 இல் இங்கு உருசியத் தொழினுட்பத்தில் அமைந்த, தலா 1000 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு உலைகள் இயங்கிவந்தன. உலைகளைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பும், அலுவலகப் பணிகளுக்கான இணையத் தொடர்புடைய வலையமைப்பும் தனித்தனியானவை.

நிகழ்வு

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2019 செப்டம்பர் 4 அன்று தீநிரல் பற்றி அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் 28 அன்று இச்செய்தி சமூக ஊடகங்களில் வெளியானது. மறுநாள் நிலையம் வெளியிட்ட அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்துடன் இணைக்கப்படாதவை என்றும், அவற்றின் மீது இணையத் தாக்குதல் இயலாது என்றும் கூறியது. நிருவாகக் கணினியின் நிலை பற்றி அது குறிப்பிடவில்லை. அக்டோபர் 30 அன்று, நிருவாக வலையமைப்பில் இணைந்திருந்த பயனர் ஒருவரின் கணினியில் தீநிரல் இருந்தது உண்மையே என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது.

அத்தீநிரல் 'டி-டிராக்' வகையைச் சேர்ந்ததென ஆய்வாளர்கள் இனங்கண்டனர். இது விசைப்பலகைத் தட்டல்களையும், உலாவி வரலாற்றையும், கோப்புகளின் பட்டியலையும் திரட்டி அனுப்ப வல்லது.

பிரிப்பின் எல்லை

வலையமைப்புகளைப் பிரித்து வைப்பது வலுவான காப்பு எனினும் முழுமையானதன்று. 2010 இல் கண்டறியப்பட்ட 'சுடக்சுநெட்' தீநிரல், ஈரானின் நதான்சு யுரேனியச் செறிவூட்டல் ஆலையைத் தாக்கியது. அது இணையத் தொடர்பில்லாத கணினிகளுக்கும் யூஎஸ்பி நினைவகக் குச்சிகள் வழியாகப் பரவ வல்லதாயிருந்தது.

தானியக்க முகவர்கள்

2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனமும், 2025 சனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் திரையைப் பார்த்துச் சுட்டியையும் விசைப்பலகையையும் இயக்கும் முகவர்களை வெளியிட்டன. டி-டிராக் மறைவாகத் திரட்டிய தகவல்கள் பலவற்றை இத்தகைய முகவர் பயனரின் இசைவுடனேயே பெற இயலும். மேலும், ஒரு வலைப்பக்கத்திலோ மின்னஞ்சலிலோ மறைத்து எழுதப்பட்ட வாசகத்தை முகவர் தன் உரிமையாளரின் கட்டளையாகக் கொண்டு செயற்படக்கூடும். இது 'கட்டளைப் புகுத்தல்' எனப்படும். இங்கு தீநிரல் எதுவும் நிறுவப்படாததால், நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் இதனைக் கண்டறிவது கடினம்.

ஆகவே பின்வரும் பாதுகாப்புக் கொள்கைகள் பரிந்துரைக்கப்படுகின்றன:

* முகவரைத் தனியான மெய்நிகர்க் கணினியில் இயக்குதல்.
* பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமைகளை மட்டும் அளித்தல். கடவுச்சொற்களை அதன் கைக்கு எட்டாமல் வைத்தல்.
* இசைவளித்த இணையத்தளங்களை மட்டும் அணுக விடுதல்.
* பணம் செலுத்துதல், கோப்புகளை அழித்தல் போன்ற மீட்க இயலாத செயல்களுக்கு முன் மனிதரின் ஒப்புதலைப் பெறுதல்.
* ஒவ்வொரு செயலையும், முகவரால் மாற்ற இயலாத பதிவேட்டில் பதிதல்.

கூடங்குளத்தில் தீங்கு நிருவாக வலையமைப்போடு நின்றமைக்குக் காரணம், அது கட்டுப்பாட்டு வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தமையாகும். இரு வலையமைப்புகளிலும் ஒரே முகவருக்கு உரிமை வழங்கப்படின், அம்முகவரே அவற்றை இணைக்கும் பாலமாகிவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

* கூடங்குளம் அணுமின் நிலையம்
* தீநிரல்
* செயற்கை நுண்ணறிவு