மொட்டை மாடிக் கதவு

2008 மே மாசம். நான் அப்போ ஆறாவது முடிச்சிருந்தேன். லீவுல ஃபேர்லேண்ட்ஸ்ல எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியில நொய்டா கொலைதான். ஆளாளுக்குத் துப்பறிஞ்சுகிட்டு இருந்தாங்க!

மே 16 காலையில பல் டாக்டர்கள் ராஜேஷ், நூபுர் தல்வாரோட 13 வயசு மகள் ஆருஷி தன் ரூம்லயே கொலையாகிக் கிடந்தாள். வீட்டு வேலைக்காரர் ஹேம்ராஜைக் காணோம். அப்புறம் என்ன, அவர்தான் கொலைகாரர்! துப்பு கொடுத்தா 20,000 ரூபாய்னு போலீஸ் அறிவிச்சது. மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில ஹேம்ராஜ் பிணமாக் கிடந்தார். பூட்டியிருந்த கதவை முதல் நாள் யாரும் உடைச்சுப் பார்க்கல. கீழே வீட்டுக்குள்ள மட்டும் நிருபர்கள், அக்கம்பக்கத்துக்காரங்கன்னு ஒரே கூட்டம். கைரேகை எங்கேர்ந்து தேறும்?

மே 23 அன்னிக்கு அப்பாவைக் கைது பண்ணிட்டு ஐஜி பேட்டி கொடுத்தார். செத்த பொண்ணு பேரையே 'ஷ்ருதி'ன்னு சொன்னவர், அவ நடத்தையைப் பத்தி மட்டும் தடுமாறாமப் பேசினார்.

அடுத்து சிபிஐ, கம்பவுண்டர் மேல சந்தேகம். அவர் ரூம்ல எடுத்த தலையணை உறையில ஹேம்ராஜ் டிஎன்ஏன்னு ஹைதராபாத் ஆய்வகம் 2008ல சொல்லிச்சு. 2011ல, தட்டச்சுப் பிழை, லேபிள் மாறிடுச்சுன்னு விளக்கம். (நம்ம வேலையில லேபிள் மாறினா ஒரு பில்டு போகும், அவ்ளோதான்.) கம்பவுண்டர் மேல கடைசி வரைக்கும் குற்றப்பத்திரிகை இல்லை.

2013 நவம்பர்ல பெத்தவங்களுக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர் 12ல அலகாபாத் உயர் நீதிமன்றம் ரெண்டு பேரையும் விடுதலை பண்ணிச்சு, சந்தேகத்தை வெச்சு தண்டிக்க முடியாதுன்னு.