கோழிக்கறி வரி முதல் மின்சார கார் வரை: வெளிநாட்டுப் போட்டியில் அமெரிக்க கார் நிறுவனங்களின் 60 ஆண்டுத் தடுமாற்றம்

அமெரிக்காவில் இறக்குமதியாகும் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு வாகன உற்பத்தியைக் காப்பதே இதன் நோக்கம் என்று அதிபர் டொனால்ட் டிரம்ப் அறிவித்தார். ஆனால், அந்த ஆண்டில் வரிகளால் தனக்கு 400 கோடி முதல் 500 கோடி டாலர் வரை பாதிப்பு ஏற்படக்கூடும் என்று அடுத்த மாதமே கணக்குக் காட்டியது ஜெனரல் மோட்டார்ஸ். அந்த நிறுவனம் அமெரிக்காவில் விற்கும் வாகனங்களில் கணிசமானவை மெக்ஸிகோ, கனடா, தென் கொரியா ஆகிய நாடுகளில் தயாராகி வருபவை.

வெளிநாட்டு கார்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அமெரிக்க நிறுவனங்கள் தடுமாறுவதும், அரசு வரியாலோ ஒதுக்கீட்டாலோ தடுப்பு எழுப்புவதும் 60 ஆண்டுகளாகத் தொடர்கின்றன. ஒவ்வொரு தடுப்பும் சில காலம் மூச்சுவிட இடம் கொடுத்தது. கூடவே, போட்டியாளர்கள் வேறொரு வாசல் வழியாக உள்ளே வரவும் காரணமாயிற்று.

அசைக்க முடியாத மூவர்

ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகிய மூன்றும் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தவை. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற 10 கார்களில் 9-க்கும் மேல் இம்மூன்றின் தயாரிப்புகளே. அவற்றில் ஏறக்குறைய பாதி ஜெனரல் மோட்டார்ஸுடையவை. மலிவான பெட்ரோல், அகன்ற சாலைகள், ஆண்டுதோறும் மாறும் தோற்றம் ஆகியவற்றை நம்பி நடந்த வணிகம் அது. சிறிய காரில் லாபமும் சிறிதே என்பதால் அதில் யாரும் அக்கறை காட்டவில்லை.

அந்த இடத்தில்தான் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 'பீட்டில்' நுழைந்தது. 1949-இல் அமெரிக்காவில் விற்றவை இரண்டே கார்கள். 1960-களின் இறுதியில் ஃபோக்ஸ்வேகனின் ஆண்டு விற்பனை 5 லட்சத்தைக் கடந்தது. ஜப்பானின் டொயோட்டா 1950-களின் இறுதியில் கொண்டுவந்த 'டொயோபெட் கிரவுன்' அமெரிக்க நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் திணறியது. சில ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டது. டெட்ராய்ட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் எவருமில்லை. 1965-இல் 'கொரோனா' காருடன் டொயோட்டா மீண்டும் வந்தது.

கோழியால் வந்த வரி

இதற்கிடையே, கார்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு தகராறு அமெரிக்க வாகனத் துறையின் போக்கையே மாற்றியது. அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து மலிவு விலைக் கோழிக்கறி மேற்கு ஜெர்மனியில் வந்து குவிந்ததால், ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன் மீதான வரியை உயர்த்தின. பதிலடியாக உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகியவற்றின் மீது வரி விதித்தார் அதிபர் லிண்டன் ஜான்சன். டிரக்குகளுக்கு 25 சதவீதம். ஃபோக்ஸ்வேகனின் வேன்களே குறி. 1964 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்த வரி, தகராறு மறந்துபோன பிறகும் நீக்கப்படவில்லை.

கார்களுக்கான வரி நெடுங்காலம் 2.5 சதவீதமாகவே இருந்தது. எனவே, வெளிநாட்டவரின் போட்டி முழுவதும் கார் பக்கமே திரும்பியது. பிக்கப் டிரக் டெட்ராய்ட்டின் கோட்டையாயிற்று. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் டிரக் ஃபோர்டு நிறுவனத்தின் 'எஃப்' வரிசையே.

வரியைத் தவிர்க்க நடந்த முயற்சிகள் சுவையானவை. ஜப்பானின் சுபாரு, 'பிராட்' என்ற சிறு பிக்கப்பின் சரக்குத் தளத்தில் இரண்டு இருக்கைகளைப் பொருத்தி, அதைப் பயணியர் வாகனமாகக் கணக்குக் காட்டியது. வரியால் காக்கப்பட்ட ஃபோர்டும் சளைத்ததல்ல. துருக்கியில் தயாரித்த சரக்கு வேன்களைப் பின் இருக்கைகளுடன் இறக்குமதி செய்து, கரை சேர்ந்ததும் அவற்றைக் கழற்றியது. சுங்கத் துறையுடனான வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2024-இல் 36.5 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டதுடன் முடிந்தது.

எண்ணெய் நெருக்கடியும் ஒதுக்கீடும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை, கச்சா எண்ணெய் விலையை ஏறக்குறைய நான்கு மடங்காக்கியது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. சிறிய காரைத் தேடியவர்களுக்கு டெட்ராய்ட் தந்தவை, துருவுக்கும் எஞ்சின் கோளாறுக்கும் பெயர்பெற்ற 'செவ்ரோலே வேகா'வும், எரிபொருள் தொட்டியின் அபாயத்தால் 1978-இல் சுமார் 15 லட்சம் கார்கள் வரை திரும்ப அழைக்கப்பட்ட 'ஃபோர்டு பிண்டோ'வும்தான். ஹோண்டாவின் 'சிவிக்' காரோ, புகை வடிகட்டும் துணைக்கருவி இல்லாமலேயே அமெரிக்காவின் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதியை நிறைவு செய்தது.

1979-இல் ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை மீண்டும் எகிறியது. திவாலாகும் நிலையிலிருந்த கிறைஸ்லரை, 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்து அமெரிக்க அரசு காப்பாற்றியது. 1980-இல் வாகன உற்பத்தியில் அமெரிக்காவை முந்தியது ஜப்பான். நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுப்பதற்கு முன், தானே முன்வந்து ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்வதாக 1981-இல் ஜப்பான் ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்கள் என்பது முதல் வரம்பு.

அதன் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன. எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், ஒவ்வொரு காரிலும் கூடுதல் லாபம் பார்ப்பதே ஜப்பானியருக்கு வழியானது. அவர்கள் விலை உயர்ந்த கார்களின் பக்கம் திரும்பினர். 1986-இல் ஹோண்டாவின் 'அக்யூரா', 1989-இல் டொயோட்டாவின் 'லெக்ஸஸ்', நிஸானின் 'இன்ஃபினிட்டி' ஆகியவை பிறந்தன. 'கேடிலாக்', 'லிங்கன்' சொகுசு கார்களின் சந்தையும் பறிபோனது. அமெரிக்க நிறுவனங்களும் விலையை உயர்த்தின. அந்தச் சுமை கார் வாங்கியவர்கள் தலையில் விழுந்தது.

மற்றொரு விளைவு அதைவிடப் பெரியது. அமெரிக்காவிலேயே தயாரித்தால் ஒதுக்கீடு பொருந்தாது. 1982 நவம்பரில் ஒஹாயோவின் மேரிஸ்வில் ஆலையில் ஹோண்டாவின் முதல் 'அக்கார்டு' வெளிவந்தது. 1983-இல் டென்னசியில் நிஸானும், 1988-இல் கென்டக்கியில் டொயோட்டாவும் உற்பத்தியைத் தொடங்கின. பெரும்பாலும் தொழிற்சங்கம் வேரூன்றாத சிற்றூர்களையே அவை தேர்ந்தெடுத்தன. மருத்துவச் செலவும் ஓய்வூதியமும் சுமையாகிவிட்ட டெட்ராய்ட் நிறுவனங்கள், இளம் தொழிலாளர்களைக் கொண்ட இந்த ஆலைகளுடன் தம் சொந்த மண்ணிலேயே போட்டியிட வேண்டியதாயிற்று. 2000-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒவ்வொரு காரிலும் மருத்துவச் செலவு மட்டும் சுமார் 1,500 டாலர் அடங்கியிருந்தது.

வேலையிழந்தோரின் கோபம் வேறு திசையிலும் பாய்ந்தது. 1982 ஜூனில் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை, கார் ஆலைகளில் பணியாற்றிய இருவர் அடித்துக் கொன்றனர். அவர் ஜப்பானியரல்லர்; சீன வம்சாவளி அமெரிக்கர். குற்றவாளிகளுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும் மட்டுமே விதிக்கப்பட்டதால் ஆசிய வம்சாவளியினர் நாடெங்கும் திரண்டனர்.

குறை தொழிலாளரிடம் இல்லை

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, வேலைக்கு வராதோர் எண்ணிக்கைக்கும் தரக்குறைவுக்கும் பெயர்பெற்றது. 1982-இல் மூடப்பட்ட அதனை 1984-இல் டொயோட்டாவுடன் சேர்ந்து மீண்டும் திறந்தது ஜெனரல் மோட்டார்ஸ். பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். நிர்வாக முறை மட்டும் டொயோட்டாவுடையது. பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது அதன் முக்கிய விதி. குறுகிய காலத்திலேயே அங்கு தயாரான கார்களின் தரம் ஜப்பானியத் தரத்தை நெருங்கியது. அந்தப் பாடத்தைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. அந்த ஆலை 2010-இல் டெஸ்லாவின் கைக்குச் சென்றது.

1990-களில் பெட்ரோல் மலிந்தது. பிக்கப்களும் பெரிய எஸ்யூவிகளும் அள்ளித் தந்த லாபம் பழைய குறைகளை மறைத்தது. 2008-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டு, கடன் சந்தையும் முடங்கியபோது அந்தத் திரை விலகியது. 2009 ஏப்ரல் 30-இல் கிறைஸ்லரும், ஜூன் 1-இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் பாதுகாப்பு கோரின. ஜெனரல் மோட்டார்ஸுக்கு மட்டும் ஏறக்குறைய 5,000 கோடி டாலர் அளித்த அரசு, அதில் 1,000 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. 2006-இலேயே சொத்துகளை அடகு வைத்துப் பெருங்கடன் திரட்டியிருந்த ஃபோர்டு திவாலிலிருந்து தப்பியது. கிறைஸ்லர் இத்தாலியின் ஃபியட் வசமாகி, இன்று நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெல்லான்டிஸில் அடங்கியுள்ளது. டெட்ராய்ட்டின் மூவரில் ஒன்றை அமெரிக்க நிறுவனம் என்பதே இப்போது கடினம்.

1978-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் 80,000 பேர் பணியாற்றிய ஃப்ளின்ட் நகரில் இன்று அதில் எட்டில் ஒரு பங்கினர்கூட இல்லை. 1950-இல் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2020-இல் 6.4 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. 2013-இல் அந்நகர நிர்வாகமே திவாலானது.

கோட்டைக்குள் ஒதுங்கியவர்கள்

வட அமெரிக்காவில் செடான் கார்களைக் கைவிடுவதாக 2018-இல் ஃபோர்டு அறிவித்தது. லாபம் தரும் டிரக்குகளே போதும் என்ற முடிவு அது. 2021-இல், 1931-க்குப் பிறகு முதன்முறையாக ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க விற்பனையில் முதலிடத்தை டொயோட்டாவிடம் இழந்தது. டிரக் விற்காத நாடுகளில் பின்வாங்கலும் தொடர்ந்தது: 2017-இல் ஐரோப்பாவின் ஓப்பல் விற்கப்பட்டது, 2020-இல் ஆஸ்திரேலியாவின் 'ஹோல்டன்' பெயர் மறைந்தது.

இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. 2017 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டும் இங்கு கார் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவிக்க, சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் 2022 ஜூலையில் உற்பத்தி நின்றது. விட்டுச்சென்ற ஆலைகள் யாரிடம் போயின என்பது கவனிக்கத்தக்கது. குஜராத்தின் ஹாலோல் சீனாவின் சாய்க் நிறுவனத்திடமும், மகாராஷ்டிரத்தின் தலேகான் தென் கொரியாவின் ஹூண்டாயிடமும், சானந்த் டாடாவிடமும் சேர்ந்தன.

சீனாவில் 2017-இல் 40 லட்சம் வாகனங்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், 2024 டிசம்பரில் அந்நாட்டு வணிகத்துக்காக 500 கோடி டாலருக்கும் மேல் இழப்பாக எழுதித் தள்ள நேர்ந்தது. பிஒய்டி உள்ளிட்ட சீன நிறுவனங்களின் மின்சார கார்களே காரணம். சீனாவின் ஷாவ்மி காரைப் பல மாதங்கள் ஓட்டியதாகவும், அதைத் திருப்பித் தர மனமில்லை என்றும் ஃபோர்டு தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி 2024-இல் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டு சீன மின்சார கார்கள் மீதான வரியை 25-லிருந்து 100 சதவீதமாக உயர்த்தியது அமெரிக்கா. ஃபோர்டின் மின்சார வாகனப் பிரிவு அந்த ஆண்டில் மட்டும் சுமார் 510 கோடி டாலர் நட்டமடைந்தது.

2025-இல் விதிக்கப்பட்ட வரியும் நெடுநாள் ஒரே அளவில் நிற்கவில்லை. இரு நாட்டு உடன்பாட்டின்படி, ஜப்பானிலிருந்து வரும் கார்களுக்கான மொத்த வரி செப்டம்பரில் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க உதிரிபாகம் ஏதுமில்லாத ஜப்பானிய காருக்கு, அமெரிக்க உதிரிபாகங்கள் நிறைந்த மெக்ஸிகோ, கனடா தயாரிப்பைவிடக் குறைந்த வரி விகிதமா என்று டெட்ராய்ட் நிறுவனங்களின் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது.