பெயர்ச்சீட்டும் புத்தன்வீடும்: 'சவேரியார்' என்னும் பெயரின் தோற்றமும் பரவலும்

திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைவீதியில் ஒரே பெயர் மூன்று உருவில் காதில் விழும். நாஞ்சில் நாட்டிலிருந்து சரக்கெடுக்க வரும் முதியவர் சவரிமுத்து. அவருடன் வரும் மருமகன் சேவியர். கடற்கரைப் பங்கிலிருந்து சாமான் வாங்க வந்த மலையாளப் பாட்டியின் வாயில் அது 'சௌரியார் புண்ணியாளன்'. மூன்றுக்கும் வேர் ஒன்று: ஸ்பெயினின் வடக்கே நவார்ரா நாட்டில் நிற்கும் ஒரு கோட்டையின் பெயர். அது மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியாரால் இக்கரைக்கு வந்தது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எப்போது வந்தது, எந்த வகைப் பெயராக வந்தது என்ற இரண்டு கேள்விகளில்தான் இதுவரை சொல்லப்பட்ட விடையோடு நான் மாறுபடுகிறேன்.

அந்த விடை இதுதான். 1544ஆம் ஆண்டின் இறுதியில் பூவாறு முதல் பள்ளம் வரை நீளும் முக்குவர் ஊர்களில் சவேரியார் நேரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அப்போது எழுத்து மூலம் பெயரும் கொடுத்தார். ஆகவே இன்று இந்தப் பெயரைக் குடும்பப்பெயராகத் தாங்கும் வீடுகள் அவர் கைப்படத் திருமுழுக்குப் பெற்றவர்களின் வழிவந்தவை. இதை ஏற்றால், பெயர் வழங்கும் ஊர்களைக் குறித்து வைத்தாலே அவர் நடந்த வழி தெரிந்துவிடும். கேட்க இனிமையான முடிவு. கடற்கரைப் பெரியவர்கள் பெருமையோடு இதைச் சொல்லும்போது மறுக்க மனம் வருவதில்லை. ஆனால் இந்த மாளிகை முழுவதும் நிற்பது ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்.

1545 சனவரி 27 அன்று கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு அவர் ஸ்பானிய மொழியில் எழுதிய கடிதத்தில் அந்த வாக்கியம் உள்ளது. ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் அதே கடிதம்தான். ஊருக்குள் போனதும் ஆண்களையும் சிறுவர்களையும் தனியே கூட்டுகிறார், விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் அவர்கள் மொழியில் சொல்ல வைக்கிறார், திருமுழுக்குக் கொடுக்கிறார், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதித் தருகிறார். பிறகு ஆண்கள் வீடு திரும்பித் தங்கள் பெண்டு பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் அதே ஒழுங்கில் எல்லாம் நடக்கிறது. கடிதம் தரும் செய்தி இவ்வளவே.

இதில் 'பெயர்' என்ற இடத்தில் கடிதம் ஆளும் சொல் நோம்ப்ரே. அக்காலக் காஸ்தீலிய வழக்கில் அது ஒருவரின் தனிப்பெயர். குடிப்பெயருக்கு வேறு சொல் இருந்தது. அதை அவர் இங்கே எடுக்கவில்லை. சொல்லாராய்ச்சி மட்டும் போதாது என்பவர்கள் நிகழ்ச்சியின் வரிசையைப் பார்க்கட்டும். எனக்கு இதுவே முதன்மைச் சான்று. தகப்பன் ஒரு கூட்டத்தில் பெயர் பெறுகிறான். அவன் மனைவியும் மகளும் அவன் வீடு திரும்பிய பிறகு வேறொரு கூட்டத்தில் பெயர் பெறுகிறார்கள். குடும்பப்பெயர் கொடுப்பதாக இருந்தால் குடும்பத்தை ஒன்றாக நிறுத்தியிருக்க வேண்டும். இன்ன வீட்டுக்கு இன்ன பெயர் என்று இணைத்து எழுத அந்த முறையில் இடமே இல்லை. நிற்பது ஆள், பெறுவது ஆளுக்குரிய பெயர்.

எண்ணிக்கையும் இதற்கே துணை நிற்கிறது. மாதத்துக்குப் 10,000 என்றால் நாளுக்கு 330க்கு மேல். வெயிலில் வரிசையாக நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரு சொல் எழுதித் தருவதே பெரும்பாடு. ஏன் எழுதித் தர வேண்டும்? காரணம் எளிது. பெத்ரு, தொமிங்கு, மரியா என்று அன்று காலையில்தான் கேட்ட ஒலியை மாலைக்குள் நாக்கு மறந்துவிடும். மறவாமல் இருக்கத்தான் சீட்டு. அதற்கு மேல் ஒரு பதிவேட்டின் கனத்தை அந்தச் சீட்டின் தலையில் ஏற்றுவது முறையாகாது. குடிவழி மரபை நிறுவுபவர்கள் யாரும் அப்படி ஒரு சீட்டைச் சான்றாக எடுத்து வைத்ததும் இல்லை.

இன்னொரு கேள்வி: எழுதித் தந்த பெயர் அவருடைய பெயராக இருந்திருக்க முடியுமா? 'பிரான்சிஸ்கு' என்று பலருக்கு வைத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஏனெனில் அவர் அன்று அறியப்பட்ட பெயர் அதுதான். கடிதங்களில் அவர் கையொப்பம் பெரும்பாலும் 'பிரான்சிஸ்கோ'. போர்த்துக்கீசியர் அவரை அழைத்தது 'மெஸ்த்ரே பிரான்சிஸ்கோ'. (நம் 'மேஸ்திரி' இதே மெஸ்த்ரேயிலிருந்து வந்தது.) கரையில் மணல் மிதித்து நடந்த மனிதரை அங்கே யாரும் 'சவேரியாரே' என்று கூப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. தாம் கையொப்பத்தில்கூட அரிதாகவே இட்ட பெயரை அவர் பிறருக்கு எழுதித் தந்தார் என்பதை எப்படி நம்புவது?

அந்தப் பெயர் அவருக்கே எவ்வளவு தளர்வாக ஒட்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் பிறந்தது 1506 ஏப்ரல் 7 அன்று. தந்தை ஹுவான் தெ ஹாஸோ. தாய் மரியா தெ அஸ்பில்குயேத்தா, ஹவியேர் கோட்டைக்கு உரிமை பெற்றவர். மகனுக்குக் கோட்டைப் பெயர் வந்தது தாய்வழியில். உடன்பிறந்த ஹுவான் தம்மை அஸ்பில்குயேத்தா என்றே எழுதிக்கொண்டார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு பெயரில் வழங்கிய காலம் அது. நவார்ராவிலேயே குடும்பப்பெயர் இன்றைய பொருளில் இறுகாதபோது, திருவிதாங்கூர் மணலில் அதை நட்டு வைத்தார் என்பது காலத்துக்குப் பொருந்தாத கற்பனை.

கோட்டைப் பெயருக்குப் பொருள் உண்டு, அது ஸ்பானியப் பொருள் அல்ல. பாஸ்கு மொழியில் 'எச்சே' வீடு, 'பெர்ரி' புதிது. எச்சேபெர்ரி தேய்ந்து ஷவியேர் ஆயிற்று. திருவனந்தபுரம், கன்னியாகுமரிப் பக்கங்களில் வீட்டுப்பெயர் அறிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள்: புதுவீடு, புத்தன்வீடு! தெற்குத் திருவிதாங்கூரில் ஊருக்கு ஊர் கிடைக்கும் வீட்டுப்பெயர் அது. ஹெப்சிபா ஜேசுதாசன் தம் நாவலுக்கே 'புத்தம் வீடு' என்று பெயரிட்டார். 1544 சனவரியில் எழுதிய மற்றொரு கடிதத்தில் சவேரியார், இம்மக்களின் இயல்பான மொழி மலபார், தம்முடையது பாஸ்கு, ஆகவே ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை என்கிறார். மலபார் என்று அவர் சொன்னது தமிழை. தாய்மொழி பாஸ்கு ஆனவருக்குத் தம் பெயரின் பொருள் தெரியாமல் இருந்திருக்காது. புத்தன்வீட்டுக்காரர்கள் நடுவே இன்னொரு புத்தன்வீட்டுக்காரர் நடந்து போயிருக்கிறார். இரு தரப்புக்கும் அது தெரியவில்லை.

இந்தப் பொருளை நம்மவர் அறியவில்லை என்பதற்குப் பெயரே சாட்சி. கத்தோலிக்கத் தமிழ், பொருள் தெரிந்த பெயர்களை மொழிபெயர்த்துக்கொண்டது. மணிமுடி என்னும் பொருளுடைய ஸ்தேவான் முடியப்பர் ஆனார். சிறியவன் என்னும் பொருளுடைய பவுல் சின்னப்பர் ஆனார். லாசரு தேவசகாயம் ஆயிற்று. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் பெற்ற பெயர் அது. சவேரியாருக்கு அப்படி ஒரு தமிழாக்கம் பிறக்கவில்லை. விவிலியத்திலும் இலத்தீனிலும் தேடினால் கிடைக்காத ஊர்ப்பெயருக்கு மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? ஒலியையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒலிக்குள் காலக்கணக்கு ஒளிந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக் காஸ்தீலியத்தில் இப்பெயரின் முதலொலி 'ஷ'. பின்னர் ஸ்பெயினில் அது தொண்டைக்குள் இறங்கி 'ஹ' போன்ற ஒலியாயிற்று. 1815இல் எழுத்தும் மாற்றப்பட்டது. போர்த்துக்கீசியம் பழைய ஒலியைக் காத்தது. தமிழின் சகரம் போர்த்துக்கீசிய வாயிலிருந்து வந்தது. ஈறுதான் சுவையானது. ஷவியேர் நேரே தமிழுக்கு வந்தால் 'சவியேரு' என்று நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்தோணியார், செபஸ்தியார், இஞ்ஞாசியார் என்று பீடங்களில் வரிசையாக நின்றவர்களின் 'ஆர்' இதையும் தன் பக்கம் இழுத்தது. உயிரொலிகள் இடம் மாறிச் சவேரி + ஆர் என்று பிரிந்தது. இந்த மாற்றம் நடக்க, அவர் முதலில் அந்த வரிசையில் சேர்ந்திருக்க வேண்டும். மதிப்பு ஈறு களைந்த 'சவரி' தனிவேராகி, சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் எனத் தமிழ்ப் பெயர்களோடு கூடியது அதற்கும் பிறகு. திருக்கண்ணபுரத்துப் பெருமாளுக்குச் சவுரிராஜன் என்று பெயர் இருந்த நாட்டில் சவரிராயன் அந்நியமாக ஒலித்திருக்காது. மலையாளத்துச் சௌரியாரிலும் இதே உறவு கேட்கிறது என்றே நினைக்கிறேன்.

வரிசையில் சேர்ந்த நாள் நமக்குத் தெரியும். 1552 திசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவில் இறந்தவருக்கு முத்திப்பேறு பட்டம் 1619இல், புனிதர் பட்டம் 1622 மார்ச்சு 12இல். திருமுழுக்குக்குப் புனிதர் பெயர் வேண்டும் என்பது 1566இன் ரோமை ஞானோபதேசம் வலியுறுத்திய வழக்கம். என்றீக்கே என்றீக்கசு அடிகள் 1586இல் தமிழில் அச்சிட்ட அடியார் வரலாற்றின் காலத்திலும் சவேரியார் பீடமேறவில்லை. 1600ஐ ஒட்டிக் கோட்டாற்றில் கோயில் எழுந்தபோது அவருடைய நினைவு அங்கே பச்சையாக இருந்தது. ஆனால் நினைவில் இருப்பது வேறு, குழந்தைக்குச் சூட்டும் பெயராவது வேறு. ஆகவே, எச்சரிக்கையோடு சொன்னாலும், இப்பெயர் பரவலாகச் சூட்டப்பட்டது 1619க்குப் பின்னரே. அவர் திருவிதாங்கூர்க் கரையை விட்ட முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அவர் திருமுழுக்குக் கொடுத்தவர்களின் பேரர் காலத்தில்.

முத்துக்குளித்துறைப் பரதவர் தலைவர்களிடம் தெ குரூஸ் போன்ற பெயர்கள் ஞானத்தந்தையர் வழியாக இறங்கி வந்தனவே என்று கேட்கலாம். வந்திருக்கலாம். அவை தலைமைக் குடிகளின் பெயர்கள். கொடுக்கப் போர்த்துக்கீசியப் புரவலர்கள் உடனிருந்தார்கள். ஷவியேர் என்ற குடும்பப்பெயருடைய போர்த்துக்கீசியர் இங்கே குடியேறிப் பரப்பினார்கள் என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை: போர்த்துகலிலும் அப்பெயர் பெருகியது இதே புனிதரின் புகழால்தான்.

இனி 'சேவியர்'. இது போர்த்துக்கீசியக் காலத்து மிச்சம் அல்லவே அல்ல. முதலெழுத்தின் ஏகாரம் ஆங்கில உச்சரிப்பிலிருந்து வந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டின் வழியாக வீட்டுக்குள் புகுந்தது. சேவியர் தனிநாயகம் அடிகளின் பெயரில் முன்னே நிற்பது இந்த உருவம். 1923இல் பாளையங்கோட்டையிலும் 1964இல் தும்பாவிலும் இயேசு சபையினர் தொடங்கிய கல்லூரிகள் இதை நிலைநிறுத்தின. தாத்தா சவரிமுத்துவும் பேரன் சேவியரும் ஒரே புனிதரின் பெயரைத் தாங்கினாலும் இரண்டும் வெவ்வேறு நூற்றாண்டுகளின் இறக்குமதி. இதைப் பிரிக்காமல் ஒன்றாகக் கூட்டி எண்ணியதே முந்தைய ஆய்வுகளின் பெரிய பிழை.

உலக வரைபடத்தில் இப்பெயர் நான்கு வகையாக நிற்கிறது. ஸ்பெயினில் ஹவியேர் பெரும்பாலும் பிள்ளைக்கு இடும் பெயர். பிரேசிலில் ஷவியேர் முழுமையான குடும்பப்பெயர். 1792இல் தூக்கிலிடப்பட்ட விடுதலை வீரர் திராதெந்தெசின் இயற்பெயர் அதில்தான் முடிகிறது. பிலிப்பைன்ஸிலும் ஹவியெர் குடும்பப்பெயர்தான். ஆனால் அங்கே 1849இல் ஆளுநர் கிளவேரியா பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்பிக் குடும்பப்பெயரை ஆணையால் நிலைப்படுத்தினார். இந்தக் கணக்குக்கு வெளியே, புனிதரைத் தொடாமல் பாஸ்கு நாட்டிலிருந்து நேரே போன அதே 'புதுவீடு' லத்தீன் அமெரிக்காவில் எச்செவெர்ரியா. 1970 முதல் 1976 வரை மெக்சிக்கோவை ஆண்ட அதிபரின் பெயர்.

நான்காவது நம்முடையது. இங்கே ஆணையும் இல்லை, பட்டியலும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இதே கடற்கரையை அறுத்துக்கொண்டு போனது. பொழியூர் கேரளத்தின் பக்கம், நீரோடி தமிழ்நாட்டின் பக்கம். சம்பந்தம் பேசுவதும் வலை இழுப்பதும் அன்று போலவே நடக்கின்றன. பெயர் எழுதும் முறை மட்டும் பிரிந்தது. நீரோடியில் தகப்பன் சேவியர் என்றால் மகனுக்கு அது வெறும் முன்னெழுத்து. பொழியூரில் மகன் தன் பெயருக்குப் பின்னால் அதை முழுதாக எழுதிக்கொள்கிறான். வளைகுடாவுக்குப் புறப்படும்போது கடவுச்சீட்டு விண்ணப்பம் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டத்தை நீட்டுகிறது. இருவருமே அதில் தகப்பன் பெயரை நிரப்புகிறார்கள். துபாயிலும் தோஹாவிலும் பதிவாகும் இக்கரைச் சேவியர்களில் பலர் அந்தக் கட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களைக் குடிவழியாக எண்ணப் புகுபவர், மகனின் கடவுச்சீட்டோடு நிற்காமல் பேரனுடையதையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அப்போது வேறொரு பெயர் இருக்கும்: அவனுடைய தகப்பன் பெயர்.