குழந்தைகள் ஓட்டும் பேட்டரி கார்

குழந்தை ஏறி உட்கார்ந்து தானே ஓட்டும் மின்பொம்மை வண்டி. கார், ஜீப், பைக், டிராக்டர் எனப் பல உருவங்களில் கிடைக்கிறது. பெரும்பாலும் ஒன்றரை வயது முதல் ஏழெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘பேட்டரி கார்’, ‘சார்ஜ் பைக்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். வீட்டுக் கூடம், முற்றம், சுற்றுச்சுவருக்குள் இருக்கும் தளம் ஆகியவையே இதற்கு உரிய இடங்கள். தெருவில் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல.

இது பணக்கார வீட்டுப் பொம்மையாகவே பிறந்தது. பிரான்சில் பந்தயக் கார்கள் செய்துவந்த எத்தோரே புகாட்டி, தம்முடைய டைப் 35 காரைப் பாதியளவுக்குச் சுருக்கி, 1926இல் இளைய மகன் ரோலானுக்கு ஒரு மின்கார் செய்து கொடுத்தார். அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கவே, டைப் 52 என்ற பெயரில் சுமார் 500 வண்டிகள் செய்யப்பட்டன. 12 வோல்ட் பேட்டரியில் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போன அந்த வண்டி, இன்று கடையில் கிடைக்கும் எந்தச் சாதாரண பேட்டரி காரையும் முந்திவிடும். நான்கு சக்கரத்திலும் பிரேக் வைத்திருந்தார்கள் என்பது ஆறுதல். நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதன் பிறகும் நெடுங்காலம் மிதிகார்தான் வாய்த்தது. 1980களில் அமெரிக்காவில் பவர் வீல்ஸ் வண்டிகள் பரவிய பிறகே பேட்டரி கார் வீட்டுப் பொருளானது. அந்த வணிகம் 1994இல் மேட்டல் நிறுவனத்திடம் போனது.

மேலுறையைக் கழற்றினால் உள்ளே அதிகம் ஒன்றும் இருக்காது. இருக்கைக்கு அடியில் ஒரு ஈய-அமில பேட்டரி. பின்சக்கரத்தோடு ஒரு சிறு மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரப் பெட்டியும். கொஞ்சம் ஒயர், ஒரு ஃபியூஸ். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு 6 வோல்ட், பரவலாக விற்பது 12 வோல்ட், பெரிய வண்டிகளில் 24 வோல்ட். மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சக்கரமோ 90 சுற்றுப் போலத்தான் சுற்றுகிறது. இடையிலுள்ள பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டித் தருகின்றன. இரண்டு மோட்டார் வண்டிகள் சிலவற்றில், மெதுவாக ஓட்டும்போது மோட்டார்கள் தொடரிணைப்பிலும் வேகமாக ஓட்டும்போது பக்க இணைப்பிலும் இயங்கும்.

காலடியில் இருப்பது ஆக்சிலரேட்டர் மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் அது வெறும் சுவிட்ச்தான். பிரேக்குக்குத் தனி மிதியும் கிடையாது. காலை எடுத்ததும் அந்தச் சுவிட்ச் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியாக மாறித் தன் சுழற்சியைத் தானே எதிர்க்கும். வண்டி சட்டென்று நின்றுவிடும். பயந்துபோன பிள்ளை இயல்பாகவே காலைத் தூக்கிக்கொள்ளும், அதுவே பிரேக்காகிவிடுகிறது. இந்த வண்டியில் பாராட்ட வேண்டிய அறிவு இதுதான். மின்னும் விளக்குகளும் பளபளக்கும் முகப்பும் அல்ல. சார்ஜ் தீர்ந்த வண்டியைத் தள்ளும்போது அது முரண்டு பிடிப்பதற்கும் இதுவே பாதிக் காரணம்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி ஆற்றல் அடங்கும். சமதளத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். புல்தரையிலும் மேட்டிலும் அதற்குள் மூச்சு வாங்கும். மறுபடி சார்ஜ் ஏற 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். இந்த பேட்டரி ஓடிச் சாவதைவிடச் சும்மா கிடந்து சாவதே அதிகம். கோடை விடுமுறையில் தீரத்தீர ஓட்டிவிட்டு அப்படியே மூலையில் போட்டால், ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எத்தனை மணி நேரம் செருகி வைத்தாலும் உயிர் வராது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி எடுத்து வைப்பதும், இடையிடையே ஏற்றிக்கொடுப்பதும்தான் வழி.

ஓசையில்லாத வண்டி என்ற விளம்பரம் பாதிதான் உண்மை. எஞ்சின் உறுமல் இல்லை, புகை இல்லை. ஆனால் பல்சக்கரங்கள் சிணுங்கும். கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் சிமென்ட் தரையில் கடகடவென்று உருளும். மாடி வீட்டுக்காரர் வாங்கும்போது பார்க்க வேண்டியது சக்கரத்தை. ஈவிஏ நுரைச் சக்கரம் சத்தத்தைக் குறைக்கும், தரையையும் பற்றிக்கொள்ளும். மிதித்ததும் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும் சுற்று இருந்தால் குலுக்கல் இருக்காது, பல்சக்கரத்தின் பற்களும் தப்பிக்கும். இத்தனையும் பார்த்து வாங்கிய பிறகு ஹாரனும் பாட்டும் காதைப் பிளந்தால் அது வேறு கதை.

சத்தம் குறைவது ஆபத்தும்கூட. பின்னால் நகரும் பெரிய காரின் ஓட்டுநருக்கு இது வருவது கேட்காது, தாழ்வாக இருப்பதால் தெரியவும் தெரியாது. படிக்கட்டு, சரிவு, கிணற்றடி, தொட்டி அருகே பெரியவர் கூடவே இருக்க வேண்டும். ரிமோட் இருக்கிறதென்று உள்ளே போய்விடக் கூடாது. மின்கோளாறும் சாதாரணமல்ல. 1998இல் அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி பவர் வீல்ஸ் வண்டிகள் பழுதுநீக்கத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. மின்பகுதிகள் சூடேறியதாகச் சுமார் 700 புகார்களும், தீப்பற்றியதாக 150 புகார்களும் வந்திருந்தன. ஃபியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஓட்டுவதும், வேகத்துக்காகக் கூடுதல் வோல்ட் பேட்டரி மாட்டுவதும் தீயை வீட்டுக்குள் அழைப்பதுதான். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; மின்பொம்மைகளுக்குரிய தரம் ஐஎஸ் 15644.

பொம்மை என்ற எல்லையைத் தாண்டியும் இதற்குப் பயன் உண்டு. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இயன்முறை சிகிச்சைப் பேராசிரியர் கோல் காலோவே தொடங்கிய ‘கோ பேபி கோ’ திட்டம், நடக்க இயலாத சிறு குழந்தைகளுக்காகக் கடையில் விற்கும் இதே வண்டிகளை மாற்றியமைக்கிறது. கால் மிதிக்குப் பதிலாகக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பெரிய பொத்தான். உடல் சாயாமலிருக்கப் பிவிசி குழாயில் ஒரு சட்டம், அதன்மேல் நுரை உறை. குழந்தைகளுக்கான மின்சக்கர நாற்காலியின் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நிற்கப் பழகவேண்டிய பிள்ளைகளுக்கு இன்னொரு வகை உண்டு. அதில் சுவிட்ச் இருக்கைக்கு அடியில் இருக்கும். குழந்தை எழுந்து நின்றால் வண்டி ஓடும், உட்கார்ந்தால் நின்றுவிடும்.