அப்பர்ச்சர்

கேமரா லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. மெல்லிய தகடுகள் விரிந்து சுருங்கி இதன் அளவை மாற்றுகின்றன. லென்ஸின் குவியத் தொலைவை, முன்னிருந்து தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப்-எண் கிடைக்கும்: 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. துளை என்றால் எஃப்/2. எண் சிறிதானால் துளை பெரிது. புதிதாகப் பழகுவோர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். துளையின் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால்தான் எண்கள் இரட்டிக்காமல் ஏறக்குறைய 1.4 மடங்காக உயர்கின்றன.

துளை விரிந்தால் பின்னணி மங்கி முகம் தனித்துத் தெரியும். சுருங்கினால் அருகும் தொலைவும் ஒருங்கே தெளியும். மிகவும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் படத்தின் கூர்மை குறையும். பெரும்பாலான கைப்பேசிகளில் துளை மாறாதது. அவற்றின் போர்ட்ரெய்ட் படங்களில் காணும் மங்கல் பெரும்பாலும் மென்பொருள் உண்டாக்குவது.